குழந்தை பிறந்த பிறகு வீட்டிலும் உடம்பிலும் மனசிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கேள்விகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகின்றன. பகலில் கேட்க ஆள் இருக்கும், அப்போது கேள்வி ஞாபகத்தில் இருக்காது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் சில மாதங்கள் வரை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று எல்லோரும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். குழந்தையைவிடத் தாயைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். பிரசவம் வரை எல்லோருடைய கண்ணும் அவள் மேல் இருக்கிறது. குழந்தை வெளியே வந்ததும் அத்தனை கண்ணும் தொட்டில் பக்கம் போய்விடுகிறது. ஆனால் அவள் உடம்பு முழுதாக ஆபத்தைத் தாண்ட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

முதலில் காய்ச்சல். 3 மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மருந்து கொடுத்து, காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடிய வயது இது இல்லை. இந்த வயதில் நோய்த்தொற்று ரத்தத்துக்கும் மூளைக்கும் வேகமாகப் பரவும். வெளியே தெரியும் அறிகுறியோ கொஞ்சம்தான். கையை வைத்துப் பார்த்துச் சூட்டை முடிவு செய்ய வேண்டாம். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அக்குளில் வைத்தால் உள் சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் அங்கே 37.5-ஐத் தாண்டினாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பு சில்லிட்டு, 35.5-க்குக் கீழே போவதும் அதே அளவு ஆபத்து.

பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, வலிப்பு, பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே சதை உள்ளே இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

விக்கல், தும்மல், குடித்ததும் வாயோரம் கொஞ்சம் பால் கக்குவது, கை கால் தோல் உரிவது, தூக்கத்தில் திடீரென்று உடம்பு தூக்கிப் போடுவது, இவை எல்லாம் பச்சிளம் குழந்தையின் அன்றாடம். தொப்புள்கொடி 1 முதல் 3 வாரத்துக்குள் தானாக விழும். சுற்றிலும் சிவந்து, வீங்கி, நாற்றம் வந்தால் மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று. இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லை, ஆனாலும் குழந்தை வழக்கம்போல இல்லை என்று தாய்க்குத் தோன்றுகிறதா? போய்க் காட்டிவிடுங்கள். வீணாகப் போய் வந்தோமே என்று வருத்தப்படத் தேவையில்லை. தாய்க்குத் தோன்றியதைக் குழந்தை மருத்துவர்கள் மதித்துத்தான் கேட்பார்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதே?

நிறையப் பேரின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பச்சிளம் குழந்தையின் மூச்சு நம்முடையதைப் போலச் சீராக இருக்காது. வேகமாகச் சில மூச்சு, அப்புறம் ஓர் இடைவெளி, மறுபடி வேகம். அந்த இடைவெளி 10 வினாடிக்குள் இருந்து, நிறமும் மாறாமல் இருந்தால் அது இயல்பு. 20 வினாடியை எட்டினாலோ, நீலமாகவோ வெளிறியோ போனாலோ அவசரம்.

எண்ணிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது, அல்லது விழித்து அமைதியாக இருக்கும்போது, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கைக்குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சு சீராக இல்லாததால் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். 30 முதல் 60 வரை வந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். 60-க்கு மேல் வந்தால் சற்று விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அதே என்றால் டாக்டரிடம் போங்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஒவ்வொரு தடவையும். கெட்டியான, சமமான படுக்கை போதும். தலையணை, கனமான போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெற்றோர் இருக்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில், குறைந்தது 6 மாதம். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய இயக்கமே நடந்தது. அதன் பிறகு அங்கே தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மல்லாக்கப் படுத்தால் பால் கக்கி மூச்சு அடைக்கும் என்று பெரியவர்கள் பயப்படுவது உண்டு. ஆரோக்கியமான குழந்தை தலையைத் திருப்பியோ விழுங்கியோ சமாளித்துக்கொள்ளும்.

பால் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்பைப் பார்த்துத் தெரியாது, டயப்பரைப் பார்த்துத் தெரியும். ஐந்தாறு நாள் ஆனதும் ஒரு நாளைக்கு 6 தடவையாவது நன்றாகச் சிறுநீர் போனால் போதிய பால் உள்ளே போகிறது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம்தான்; "இப்போதுதானே குடித்தது, மறுபடியுமா" என்று தோன்றுவதும் வழக்கம்தான். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறையும். இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வந்துவிட வேண்டும்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தண்ணீரும் வேண்டாம், எவ்வளவு வெயிலாக இருந்தாலும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

என்னால் தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை. குழந்தைக்குத் துரோகம் செய்கிறேனா?

இல்லை. தாய்ப்பால் நல்லது, அதற்காக முயல்வதும் நல்லது. பிடிப்பு சரியில்லாமல் காம்பு புண்ணாகிறது என்றால் பழகிய நர்ஸ் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் காட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்த உதவியைக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் செய்தும் நடக்கவில்லை, அல்லது ஒவ்வொரு தடவையும் கண்ணீரோடுதான் நடக்கிறது என்றால், டாக்டர் சொல்லும் புட்டிப்பாலைச் சுத்தமாக, டப்பாவில் எழுதியிருக்கும் அளவு மாறாமல் கலந்து கொடுத்து வளர்க்கலாம். அளவைக் குறைத்துத் தண்ணீர் கூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். "பால் கொடுக்கவில்லையா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். உங்கள் மார்பைப் பற்றி எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

குழந்தை மஞ்சளாக இருக்கிறது. வெயிலில் காட்டினால் போதுமா?

பிறந்து இரண்டு மூன்று நாளில் லேசாக மஞ்சள் தெரிவது நிறையக் குழந்தைகளுக்கு நடப்பது, பெரும்பாலும் தானே குறையும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். வெயில் அதற்கு மாற்று ஆகாது. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் இருக்கிறது என்றால் கல்லீரலையும் பித்தக்குழாயையும் உடனே பார்க்க வேண்டும். நாள் கடத்தினால் சிகிச்சையின் பலன் குறையும்.

சாயங்காலம் ஆனால் மணிக்கணக்கில் அழுகிறது. எங்களுக்கே பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறும். 6 வாரம் ஆகும்போது உச்சத்தில் இருக்கும். மூன்று நாலு மாதத்தில் அடங்கும். பசி, ஈரம், சூடு, காய்ச்சல் எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் இல்லை, ஆனாலும் அழுகிறது என்றால் அது உங்கள் வளர்ப்பின் குறை கிடையாது. தூக்கி நடப்பது, இறுக்கமில்லாமல் துணி சுற்றுவது, வெற்று மார்போடு அணைத்துக்கொள்வது, ஒரே சீரான சத்தம், இவற்றில் ஒன்று சில நாள் கேட்கும், சில நாள் எதுவும் கேட்காது.

அப்படிக் கேட்காத நாளில் தலைக்குள் சூடு ஏறினால், குழந்தையை மல்லாக்கப் படுக்கையில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து பத்து நிமிடம். முகம் கழுவுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். பத்திரமான இடத்தில் அழுதுகொண்டிருப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் பிடித்துக் குலுக்கினால், அது சில வினாடிதான் என்றாலும், மூளைக்குள் ரத்தம் கசிந்து பார்வை போகலாம், உயிரே போகலாம். குழந்தையை யார் கையில் விட்டுப் போனாலும் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் உடம்பு எப்போது பழையபடி ஆகும்? எதைக் கவனிக்க வேண்டும்?

கருப்பை சுருங்கி முன்பிருந்த அளவுக்கு வர ஏறக்குறைய 6 வாரம் ஆகும். உதிரப்போக்கும் நாலைந்து வாரம், சிலருக்கு 6 வாரம் வரை, சிவப்பிலிருந்து பழுப்பாகி வெளிர் மஞ்சளாகிக் குறையும். சிசேரியன் என்றால் குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் அந்த 6 வாரம் தூக்க வேண்டாம்.

இப்போது சொல்வதை வீட்டில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டும். தாய்க்குத் தலை சுற்றும்போதும் மூச்சு வாங்கும்போதும் வேறு யாராவதுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிறது, அல்லது முட்டை அளவுக் கட்டிகள் விழுகின்றன: ஆஸ்பத்திரி. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது போல இருப்பது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: ரத்த அழுத்தம் பாருங்கள். கர்ப்பத்தில் அழுத்தம் சரியாகவே இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரை ஏறலாம். 140-க்கு 90 என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும், 160-க்கு 110 என்றால் அவசர சிகிச்சை. "தூக்கமில்லை, அதனால்தான் தலைவலி" என்று தள்ளிப் போட்டே ஆபத்தில் மாட்டுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சு வலியும் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். குளிர் காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, தையலில் சீழ் ஆகியவை தொற்று. மார்பு ஒரு பக்கம் கல்லுப் போல இறுகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அதே மார்பில் பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது" என்று சொல்லுங்கள். கைக்குழந்தை கூட இல்லாமல் தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்து அது யாருக்கும் தோன்றாது.

பிரசவத்துக்குப் பிறகு முதல் 24 மணி நேரத்திலும், அடுத்து 2-3 நாளிலும், 1-2 வாரத்திலும், 6-வது வாரத்திலும் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே உங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இருமினால் சிறுநீர் கசிகிறது.

முடி மூன்று நாலு மாதத்தில் கொட்டத் தொடங்கும், ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பும். கர்ப்ப காலத்தில் விழாமல் நின்ற முடி சேர்ந்து விழுகிறது, அவ்வளவுதான்.

சிறுநீர்க் கசிவு வேறு விஷயம். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சகித்துக்கொள்ளும் பெண்கள் ஏராளம், அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தள தசைகளை இறுக்கி, சில வினாடி பிடித்து, தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போகலாம்.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இது மனச்சோர்வா?

எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று பாருங்கள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் ஹார்மோன்கள் சரசரவென்று இறங்கும்போது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு அழுகையும் எரிச்சலும் பதற்றமும் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக விலகும். அதற்குத் தூக்கமும் ஆறுதலும்தான் மருந்து.

இரண்டு வாரம் தாண்டியும் விலகவில்லை, அல்லது சில மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்குகிறது என்றால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எதிலும் மனம் ஒட்டாமல் போவது, குழந்தை தூங்கும்போதுகூடத் தூங்க முடியாமல் இருப்பது, "நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்" என்ற நினைப்பு. சிலருக்கு அழுகையே இருக்காது. கோபமாக, அல்லது ஒன்றும் உணராத மரத்துப்போன நிலையாக இருக்கும். குழந்தையைப் பார்த்தால் பாசம் வரவில்லையே என்று உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டு, வெளியே எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார்கள். யாருக்கும் சந்தேகமே வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் அது ஏறக்குறைய 20 சதவீதம், ஐந்தில் ஒருவர். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, தாய்மைக் குறைவும் இல்லை.

1987-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், நிரப்ப ஐந்து நிமிடம் போதும். அதன் பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் "எப்போதாவது" என்று பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பேச்சு சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன; செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே சேரும். கூடவே தைராய்டையும் ஹீமோகுளோபினையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வும் இதே படபடப்பும் வரும்.

குழந்தைக்கு ஏதோ ஆகிவிடுவது போல, நானே ஏதோ செய்துவிடுவது போல எண்ணம் வருகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது கை நழுவிக் குழந்தை விழுவது போல ஒரு காட்சி மனசில் பளிச்சென்று வந்து போகும். குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் போவது போல, சமையலறையில் கத்தியைப் பார்த்ததும் ஏதோ நடப்பது போல. அந்தக் கணம் வயிற்றைப் பிசையும், உடம்பே கூசும். நான் எப்படிப்பட்ட தாய் என்று தோன்றும். கத்தியை எடுத்து ஒளித்து வைப்பார்கள், குளிப்பாட்டும் வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள்.

இப்படி எண்ணங்கள் வருவது தாய்மாரில் பெரும்பாலோருக்கு நடக்கிறது, தகப்பன்மாருக்கும் நடக்கிறது. அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள் என்பதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். நம்பும் ஒருவரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாலே அதன் பிடி தளர்வதைப் பலர் உணர்கிறார்கள். நாள் முழுக்க வந்துகொண்டே இருந்து, திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்து, குழந்தையைத் தொடவே பயப்பட வைத்தால் சிகிச்சை தேவை. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனம் நிஜத்திலிருந்தே விலகிவிடும். தூக்கமே தேவைப்படாதது போல நாள் கணக்கில் விழித்திருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தை தன்னுடையது இல்லை என்றோ அதனிடம் ஏதோ சக்தி புகுந்திருக்கிறது என்றோ உறுதியாக நம்புவது, ஒரு மணிக்கு ஒரு விதமாகப் பேசுவது. இங்கே அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தாது, சரி என்றே படும். முன்பு இருதுருவ மனநோய் (பைபோலார்) இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மந்திரித்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூட வீணாக்க வேண்டாம். சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் முழுதாக மீண்டு வருகிறார்கள்.

நான் அப்பா. எனக்கும் மனசு சரியில்லை. சொன்னால் சிரிப்பார்களா?

பத்தில் ஒரு தகப்பனுக்கு மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. சிடுசிடுப்பு, வேலையிலேயே மூழ்கிக் கிடப்பது, குடி கூடுவது, வீட்டுக்கு வரவே மனமில்லாமல் போவது என்று வரும். மனைவி மனச்சோர்வில் இருந்தால் கணவனுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான் என்று அடக்கி வைத்தால் இருவருமே மூழ்குவீர்கள். உங்கள் டாக்டரிடம் உங்களுக்காகவே போங்கள்.

ராத்திரித் தூக்கத்தை எப்படிப் பங்கு போடுவது?

முதலில் ஒரு உண்மை: பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாக. உங்களுக்குத் தேவை நாலைந்து மணி நேரம் உடையாத தூக்கம். அதனால் இருவரும் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் சேர்ந்து விழிப்பது வீண். ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள். 9 மணியிலிருந்து 2 மணி வரை ஒருவர் பொறுப்பு, 2-லிருந்து விடியும் வரை மற்றவர். பொறுப்பு இல்லாதவர் முடிந்தால் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். தாய்ப்பால் மட்டும்தான் என்றால் குழந்தையைக் கொண்டு வந்து கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது எல்லாம் மற்றவர் வேலை. தாய் கண்ணைப் பாதி மூடியே பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடலாம். பாட்டியோ அத்தையோ சித்தியோ வீட்டில் இருந்தால் விடிகாலைப் பங்கை அவர்களுக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

தொட்டில் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், எந்தப் பக்கம், டயப்பர் எப்போது நனைந்தது. "2.10, இடது, ஈரம்" என்று ஒரு வரி. விழித்து வருகிறவர் தூங்குகிறவரை எழுப்பிக் கேட்க வேண்டாம், டாக்டர் கேட்டாலும் தாளைக் காட்டலாம். தூக்கம் சொக்கும்போது குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு சோபாவில் சாய வேண்டாம். அப்படியே தூங்கிப்போனால் இடுக்கில் சிக்கி மூச்சடைக்கும் ஆபத்து சோபாவில்தான் மிக அதிகம்.

எதற்கெடுத்தாலும் எங்களுக்குள் சண்டை.

தூக்கம் கெட்ட இருவர் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரும், அன்பு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான சண்டைக்கு ஒரே வேர்: "சொன்னால் செய்யமாட்டேனா?" என்று ஒருவர், "சொல்ல வேண்டியதே ஒரு வேலையாக இருக்கிறதே" என்று மற்றவர். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். டயப்பர் உங்கள் பொறுப்பு என்றால் தீர்வதற்கு முன் வாங்கி வைப்பதிலிருந்து குப்பையில் போடுவது வரை உங்களுடையது. துணி, தடுப்பூசித் தேதி, மருந்து எல்லாம் அப்படியே. மற்றவர் செய்யும் விதம் உங்கள் விதமாக இருக்காது. குழந்தைக்கு ஆபத்தில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ராத்திரி 10 மணிக்குப் பிறகு எந்தப் பெரிய பேச்சையும் எடுக்காதீர்கள். அடி, மிரட்டல், வெளியே போக விடாமல் தடுப்பது என்று போனால் அது இந்தக் கேள்விக்குள் அடங்காது. அது வன்முறை, பிரசவத்தை ஒட்டிய காலத்தில் அது தொடங்குவதும் கூடுவதும் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ தனியாகச் சொல்லுங்கள்.

மாமியார் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார், டாக்டர் வேறு சொல்கிறார்.

தூக்கிப் பழக்குவது, தாலாட்டு, குளிப்பாட்டும் விதம் எல்லாம் அவர்கள் இஷ்டப்படி நடக்கட்டும், அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். காய்ச்சல், மருந்து, வாயில் எதையாவது கொடுப்பது, படுக்க வைக்கும் விதம், இந்த நாலில் மட்டும் டாக்டர் சொல்வது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். "அத்தை, நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் மருமகள் வாயால் கேட்பதைவிட அது எளிதாக இறங்கும். அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவது நல்லது. மனைவிக்காகத் தன் அம்மாவிடம் பேச வேண்டியது கணவன்தான்.

பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

சளி, இருமல், காய்ச்சல், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் இப்போது வர வேண்டாம். மற்றவர்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கட்டும், முகத்தில் முத்தம் வேண்டாம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமி பச்சிளம் குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடியது. இதைச் சொல்லும் வேலை தாயுடையது அல்ல. வாசலில் நின்று சிரித்த முகத்தோடு சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.

மூத்த குழந்தை அடம் பிடிக்கிறது, மறுபடி படுக்கையை நனைக்கிறது.

தன் இடம் போய்விட்டதோ என்ற பயம். அதட்டாதீர்கள், கிண்டலும் வேண்டாம், சில வாரத்தில் சரியாகும். தினமும் பத்து நிமிடமாவது தம்பி, தங்கை பேச்சே இல்லாமல் அம்மா அவனோடு மட்டும் இருக்கட்டும். "பாப்பா தூங்குது, சத்தம் போடாதே" என்று நாள் முழுக்கச் சொல்வதற்குப் பதில், ஒரு தடவையாவது அவன் காதுபடக் கைக்குழந்தையிடம் "கொஞ்சம் இரு, அண்ணாவுக்குக் கதை சொல்லிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் மலர்வதைக் காண்பீர்கள். ஆனால் சின்னப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள்.

தாம்பத்தியத்தை எப்போது தொடங்கலாம்? உடனே மறுபடி கர்ப்பம் ஆகுமா?

உதிரம் நின்று, புண் ஆறி, அவளுக்கு மனம் வரும்போது. பொதுவாக 4 முதல் 6 வாரம் சொல்வார்கள், ஆனால் 6 வாரம் முடிந்த நாள் என்பது கெடு கிடையாது. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வறட்சியும் வலியும் இருக்கும், ஆசையும் குறையும். உடம்பு அப்படி, கணவன் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழவழப்புக்கான ஜெல் உதவும். வலி தொடர்ந்தால் காட்டுங்கள்.

கர்ப்பம் ஆகலாம். மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே கருமுட்டை வெளிவரும் என்பதால் முதல் மாதவிலக்குக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும்வரை 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். காப்பர் டி, ஊசி, ஆணுறை, புரோஜெஸ்டிரான் மட்டும் உள்ள மாத்திரை ஆகியவை பால் கொடுப்பவர்களுக்கும் பொருந்தும். ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான மாத்திரை முதல் வாரங்களில் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டும், டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 6-வது வாரப் பரிசோதனையில் டாக்டர் இந்தப் பேச்சை எடுக்காவிட்டால் நீங்களே எடுங்கள், கணவனும் பக்கத்தில் இருக்கட்டும்.